மூச்சுத்திணறலோடு பிறந்த குழந்தைக்குத் தைராய்டு அளவு ஏன் குறைகிறது?

கேள்வி இது: "31 வாரத்தில் பிறந்த எங்கள் குழந்தைக்கு மூச்சுத்திணறல். மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்று தரும் சிபாப் வைத்திருக்கிறார்கள். ஐந்தாம் நாள் ரத்தப் பரிசோதனையில் டி3, டி4 என்ற தைராய்டு ஹார்மோன்கள் இரண்டும் குறைவு, தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் நார்மல் என்று வந்தது. டாக்டர், 'இப்போதைக்கு மருந்து வேண்டாம், மறுபடி எடுத்துப் பார்ப்போம்' என்கிறார். தைராய்டு குறைந்ததால்தான் மூச்சு திணறுகிறதா? நோய் எவ்வளவு கடுமை என்பதை இந்த எண் காட்டுமா? மருந்து கொடுக்காமல் விட்டால் மூளை பாதிக்காதா?"

கடைசிக் கேள்வியில் இருக்கும் பயம் எனக்கு நன்றாகப் புரிகிறது. பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிற எல்லோரிடமும் இந்தக் கேள்வி வரும். அதனால் முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் குழந்தையின் டி3, டி4 குறைந்ததற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்: மாதம் நிறையாமல் பிறந்தது, பிறந்ததும் நோயில் விழுந்தது. மூச்சுத்திணறல் கூடக்கூட இந்த அளவு குறைவது உண்மைதான். ஆனால் அளவை மருந்தால் ஏற்றினால் நோய் இறங்கும் என்று அதற்கு அர்த்தமில்லை. உங்கள் டாக்டர் சொன்ன 'மறுபடி எடுத்துப் பார்ப்போம்' என்பதை மட்டும் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

கருப்பையிலிருந்து தொடங்குவோம். கருவின் தைராய்டு 10 முதல் 12 வாரத்தில் அயோடினைச் சேர்க்கத் தொடங்கும். ஆனால் அதை ஆட்டிவைக்கும் மூளைப்பகுதியும், மூளைக்கு அடியிலிருந்து டிஎஸ்எச்சைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியும் பக்குவப்பட இன்னும் பல வாரங்கள் ஆகும். அதுவரைக்கும் அம்மாவின் டி4 நஞ்சுக்கொடி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும். பிரசவம் வரைக்கும் அந்த வரத்து நிற்பதில்லை. இன்னொரு விஷயம், உடலில் உண்மையில் வேலை செய்யும் ஹார்மோன் டி3. டி4 அதன் கையிருப்பு மாதிரி. கருவில் இந்த டி3 குறைவாகத்தான் இருக்கும். நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி, டி4-ஐ டி3 ஆக மாற்றாமல் 'ரிவர்ஸ் டி3' என்ற செயலற்ற வடிவமாக மாற்றிவிடுகிறது. கருவில் வளர்ச்சிதான் முக்கியம். உடலைச் சூடாக வைத்துக்கொள்ளும் வேலை அங்கே இல்லை. அதனால் அந்த ஏற்பாடு சரியாகத்தான் இருக்கிறது.

பிறந்த நொடியில் எல்லாம் மாறுகிறது. தொப்புள்கொடி துண்டிக்கப்படுகிறது, உடம்பில் குளிர் தாக்குகிறது. நல்ல முழுமாதக் குழந்தைக்கு அரை மணி நேரத்தில் டிஎஸ்எச் லிட்டருக்கு 60 முதல் 80 மில்லி யூனிட் வரை எகிறும். பெரியவர்களுக்கு 4, 5 தாண்டினாலே கவலைப்படுகிற எண் அது! அதன் பின்னாலேயே டி4, டி3 இரண்டும் ஏறி, ஒன்றிரண்டு நாளில் உச்சம் தொடும். அப்புறம் டிஎஸ்எச் மளமளவென்று இறங்கி, முதல் வார முடிவுக்குள் 10-க்குக் கீழே வந்துவிடும். பிறவித் தைராய்டு குறைபாட்டைக் கண்டுபிடிக்கும் குதிகால் ரத்தப் பரிசோதனையை முதல் நாளே எடுக்காமல், முடிந்தவரை 48 மணி நேரம் தாண்டி எடுப்பது இதனால்தான்.

குறைமாதக் குழந்தைக்கு இந்த எழுச்சி வரும், ஆனால் சோர்வாக வரும். அம்மாவின் வரத்து பல வாரங்கள் முன்கூட்டியே அறுந்துபோகிறது, சொந்தத் தைராய்டு அந்த இடத்தை நிரப்பும் அளவுக்கு இன்னும் தேறவில்லை. ரத்தத்தில் டி4-ஐச் சுமந்து செல்லும் புரதத்தைக் கல்லீரல் குறைவாகத்தான் தயாரிக்கிறது, ஆகவே மொத்த டி4 இன்னும் குறைவாகத் தெரியும். விளைவு, முதல் வாரத்தில் டி4 தாழ்ந்து, பிறகு சில வாரங்களில் தானாக ஏறும். எத்தனை வாரத்தில் பிறந்தது என்பதைப் பொறுத்து இந்தத் தாழ்வின் ஆழம் மாறும். 25 வாரக் குழந்தைக்கு மிக ஆழம், 34 வாரத்துக்கு லேசு. டிஎஸ்எச் மட்டும் உயராமல் இருக்கும். உங்கள் குழந்தையின் ரிப்போர்ட் அச்சு அசல் இப்படித்தான் இருக்கிறது. ரிப்போர்ட்டில் எண்ணுக்கு எதிரே இருக்கும் 'நார்மல்' வரம்பையும் பாருங்கள். பல லேப்களில் அச்சாகிவருவது பெரியவர்களுக்கான வரம்பு. 31 வாரத்தில் பிறந்து ஐந்து நாளான குழந்தையை அதோடு ஒப்பிட்டால் எல்லாமே தப்பாகத்தான் தெரியும்.

இதோடு நோயும் சேர்கிறது. உடம்பு கடுமையாக நோய்ப்படும்போது, எந்த வயதாக இருந்தாலும், டி4-லிருந்து டி3 உண்டாக்கும் பாதை மந்தமாகி, அதைச் செயலிழக்கச் செய்யும் பாதை சுறுசுறுப்பாகிறது. கருவில் நஞ்சுக்கொடி செய்த அதே வேலையை இப்போது நோயுற்ற திசுக்கள் செய்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். ஆக்சிஜன் குறைவு, அழற்சியில் சுரக்கும் இன்டர்லூகின்-6 போன்ற பொருட்கள், பட்டினி எல்லாம் இதைத் தூண்டும். முதலில் டி3 விழும், ரிவர்ஸ் டி3 ஏறும். நோய் முற்றினால் டி4-உம் விழும். பிட்யூட்டரியும் அடக்கி வாசிப்பதால் டிஎஸ்எச் எகிறாது. தைராய்டு சுரப்பியில் பழுது எதுவும் இல்லாமலே அளவுகள் குறைகிற நிலை இது. ஆக்சிஜன் கிடைக்கத் திண்டாடும் நேரத்தில் உடம்பு செலவைக் குறைத்துக்கொள்கிறது என்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கும் பெருமளவு அப்படித்தான் தோன்றுகிறது, என்றாலும் குறைந்த அளவு எல்லாமே நன்மைக்குத்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

சரி, தைராய்டுக்கும் நுரையீரலுக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், இருக்கிறது. இந்தக் கதையே அங்கேதான் சுவாரசியமாகிறது.

குறைமாதக் குழந்தையின் மூச்சுத்திணறலுக்கு முக்கியக் காரணம் சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்பான பொருள் போதாமை என்பதை 1959-இல் மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் கண்டு சொன்னார்கள். காற்றறைகள் மூச்சு விடும்போது சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காப்பது அதுதான். அதைச் செய்யும் நுரையீரல் செல்கள் பக்குவப்பட கார்டிசால் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனும் தைராய்டு ஹார்மோனும் உதவுகின்றன. இன்னொரு வேலையும் தைராய்டு ஹார்மோனுக்கு உண்டு. கருவின் நுரையீரல் முழுக்க நீர் இருக்கும். பிறக்கும்போது அட்ரினலின் தூண்டுதலில் அந்த நீர் உறிஞ்சப்பட வேண்டும். டி3-யும் ஸ்டீராய்டும் முன்கூட்டிக் கிடைத்தால் பக்குவப்படாத நுரையீரலும் அட்ரினலினுக்குச் செவிசாய்த்து நீரை உறிஞ்சுகிறது என்று ஆட்டுக்கருக்களில் நடந்த ஆய்வுகள் காட்டின.

1976-இல் தொப்புள்கொடி ரத்தத்தை வைத்து ஒரு ஆய்வு வந்தது. மூச்சுத்திணறல் நோய் வந்த குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே தைராய்டு ஹார்மோன்கள் குறைவாக இருந்தன என்றது அது. தொப்புள்கொடி ரத்தம் என்பதைக் கவனியுங்கள். மூச்சு திணறத் தொடங்குவதற்கு முன்பே எடுத்த ரத்தம் அது. ஆகவே 'நோய் வந்ததால் குறைந்தது' என்று அதைத் தள்ளிவிட முடியாது. ஹார்மோன் குறைவு முதலில், நோய் பிறகு என்கிற மாதிரி இருந்ததும் நம்பிக்கை பொங்கியது. கருப்பையில் இருக்கும்போதே குழந்தையின் தைராய்டைத் தூண்டிவிட்டால் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்படுமே! பிரசவத்துக்கு முன் அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தைக்கு நன்மை என்பதை லிக்கின்ஸும் ஹோவியும் 1972-லேயே காட்டியிருந்தார்கள். அதோடு, டிஎஸ்எச்சைச் சுரக்கத் தூண்டும் டிஆர்எச் என்ற ஹார்மோனையும் சேர்த்தார்கள். டி4, டி3 இரண்டும் நஞ்சுக்கொடியைக் கஷ்டப்பட்டுத்தான் தாண்டும், டிஆர்எச் சுலபமாகத் தாண்டும் என்பதால் அந்தத் தேர்வு.

விளைவு ஏமாற்றம். 1995-இல் 1200-க்கு மேற்பட்ட பெண்களோடு வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வில் பலன் இல்லாததோடு, டிஆர்எச் சேர்த்த குழுவில் மூச்சுத்திணறல் கூடியிருந்தது. ஒரு வயதில் பார்த்தபோது அந்தக் குழந்தைகளின் வளர்ச்சி சற்றுப் பின்தங்கியிருந்தது. 1998-இல் வந்த வட அமெரிக்க ஆய்விலும் பலன் எதுவும் தெரியவில்லை. அந்த முறை அத்தோடு கைவிடப்பட்டது. தொப்புள்கொடியில் ஹார்மோன் குறைவாக இருந்தது நுரையீரல் பக்குவப்படாததற்குக் காரணமாக இருந்திருக்க வேண்டியதில்லை. குழந்தையே மொத்தமாகப் பக்குவப்படாமல் இருந்தது. தைராய்டும் நுரையீரலும் அந்த ஒரே உண்மையின் இரண்டு முகங்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி: இந்த எண் நோயின் கடுமையைக் காட்டுமா?

கடுமையை நாங்கள் எப்படி அளக்கிறோம் என்று முதலில் சொல்கிறேன். இன்குபேட்டர் பக்கத்தில் நின்று குழந்தையின் சட்டையை விலக்கிப் பார்க்க வேண்டும். மூச்சு இழுக்கும்போது நெஞ்சு எழும்புவதற்குப் பதிலாக வயிறு மட்டும் எழும்பி, நெஞ்சு உள்ளே போகிறதா? விலா எலும்புகளுக்கு நடுவே சதை குழிகிறதா? நெஞ்செலும்பின் கீழ்முனை ஒரு கிண்ணம் மாதிரி அமுங்குகிறதா? மூக்கின் இறக்கைகள் விரிகின்றனவா? மூச்சை விடும்போது 'ம்ம்' என்று முனகல் கேட்கிறதா, அதுவும் வெறும் காதுக்கே கேட்கிறதா அல்லது ஸ்டெதாஸ்கோப் வைத்தால் மட்டுமா? இந்த ஐந்துக்கும் தலா 0 முதல் 2 மதிப்பெண். 1956 முதல் புழங்கும் சில்வர்மன்-ஆண்டர்சன் அளவுகோல் இதுதான். பிறந்ததும் குழந்தைக்குப் போடும் அப்கார் மதிப்பெண் மாதிரி இல்லாமல் இதில் 0 என்றால் நல்லது, 10 என்றால் மோசம். 7-ஐத் தொட்டால் மூச்சு கைவிடப்போகிறது என்று பொருள். டவுன்ஸ் என்று இன்னொரு அளவுகோலும் உண்டு. அதில் மூச்சு எண்ணிக்கை, உடல் நீலமாவது, காற்று உள்ளே போகும் சத்தம் ஆகியவையும் சேரும்.

அந்த முனகலைப் பற்றி ஒரு வார்த்தை. பெற்றோருக்கு அது வலியில் அழுவது போலக் கேட்கும். உண்மையில் குழந்தை குரல்வளையைப் பாதி மூடிக்கொண்டு, காற்றறைகள் ஒட்டிப்போகாதபடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைக்கிறது. சிபாப் செய்வதும் அதேதான். உங்கள் குழந்தை சொந்தமாகச் செய்துகொண்டிருந்ததை இப்போது இயந்திரம் செய்கிறது, குழந்தைக்கு ஓய்வு கிடைக்கிறது.

இந்த மதிப்பெண்களையும் தைராய்டு அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு போக்கு தெரிகிறது. குழுவாகப் பார்க்கும்போது, திணறல் லேசான குழந்தைகளைவிட வென்டிலேட்டர் தேவைப்பட்ட குழந்தைகளுக்கு டி3, டி4 குறைவு. இறந்துபோன குழந்தைகளுக்கு இன்னும் குறைவு. பல ஆய்வுகள் இதைச் சொல்கின்றன. ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. வென்டிலேட்டர் தேவைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முன்கூட்டிப் பிறந்தவர்கள், எடை குறைந்தவர்கள். அவர்களுக்கு எப்படியும் டி4 குறைவு. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் டோபமின் டிஎஸ்எச்சை அமுக்கும். ஸ்டீராய்டும் அமுக்கும். நோய் கடுமையாக இருக்கிற குழந்தைக்குத்தான் இந்த மருந்துகள் போகும். ஆகவே எண் குறைந்ததில் எந்தப் பங்கு திணறலுடையது, எது பிறந்த வாரத்துடையது, எது மருந்துடையது என்று ஒரு குழந்தையை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

அதனால் ஒரு டி3 அளவை வைத்து 'பிழைக்கும், பிழைக்காது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குழந்தை எப்படி இருக்கிறது என்று தெரிய எவ்வளவு ஆக்சிஜன் கொடுக்கிறார்கள், நேற்றைவிட அது குறைந்திருக்கிறதா, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு, நெஞ்சுக் குழிவு குறைந்ததா என்று கேளுங்கள். தைராய்டு எண் மாறப் பல நாள் ஆகும், இவை மணிக்கணக்கில் மாறும். குழந்தை தேறும்போது டி4 தானாக ஏறிவருவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்கையில் ஒவ்வொரு முறையும் நிம்மதியாக இருக்கும்.

மூளையைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். உங்கள் பயம் அடிப்படையற்றது என்று சொல்ல மாட்டேன். டி4 மிகவும் தாழ்ந்த குறைமாதக் குழந்தைகளுக்குப் பெருமூளை வாதம் வரும் ஆபத்து கூடுதலாக இருந்தது என்று 1996-இல் ஒரு முக்கியமான ஆய்வு சொன்னது. அப்படியென்றால் எல்லோருக்கும் டி4 கொடுத்துவிடலாமே என்ற கேள்வி இயல்பாக எழுந்தது. நெதர்லாந்தில் 30 வாரத்துக்கு முன் பிறந்த 200 குழந்தைகளில் பாதிப் பேருக்கு, எடையில் கிலோவுக்கு 8 மைக்ரோகிராம் கணக்கில் ஆறு வாரம் தினமும் டி4 கொடுத்துப் பார்த்தார்கள். 1997-இல் முடிவு வந்தது. இரண்டு வயதில் மனவளர்ச்சியை அளந்து மொத்தமாகப் பார்த்தால் வித்தியாசம் இல்லை. பிரித்துப் பார்த்தபோது, 27 வாரத்துக்கு முன் பிறந்தவர்களில் மருந்து பெற்றவர்கள் கூடுதல் மதிப்பெண் பெற்றிருந்தார்கள். அதற்குப் பிறகு பிறந்தவர்களில் மருந்து பெற்றவர்கள் குறைவாகப் பெற்றிருந்தார்கள். 31 வாரக் குழந்தையின் பெற்றோருக்கு நான் இந்த இடத்தை அழுத்திச் சொல்வேன். தேவையில்லாமல் கொடுத்தால் சும்மா போகும் மருந்து என்று இதை எடுத்துக்கொள்ள முடியாது. பின்னர் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும், எல்லாக் குறைமாதக் குழந்தைகளுக்கும் வழக்கமாக டி4 கொடுப்பதற்கு ஆதாரம் இல்லை என்ற முடிவுக்குத்தான் வந்தார்கள்.

ஆனால் உண்மையான தைராய்டு நோய் இந்தக் கூட்டத்தில் ஒளிந்துகொள்ளும். பிறவித் தைராய்டு குறைபாடு சுமார் 2000 முதல் 4000 குழந்தைகளில் ஒருவருக்கு வரும். சிகிச்சை தாமதமானால் மூளை வளர்ச்சி நிரந்தரமாகப் பாதிக்கும். முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகள் இயல்பாக வளர்கிறார்கள். குறைமாதக் குழந்தையில் சிக்கல் என்னவென்றால், சுரப்பியே பழுதாக இருந்தாலும் பிட்யூட்டரி உடனே கூச்சல் போடாது. டிஎஸ்எச் முதல் வாரத்தில் நார்மலாக இருந்து, இரண்டாவது, மூன்றாவது, நான்காவது வாரத்தில் ஏறும். முதல் பரிசோதனை நன்றாக வந்ததென்று விட்டுவிட்டால் அந்தக் குழந்தை நம் கையிலிருந்து நழுவிவிடும். மறுபரிசோதனையை இறுகப் பிடித்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான்.

மறுபடி எடுக்கும்போது டிஎஸ்எச் 20-க்கு மேல் இருந்தாலோ, வயதுக்குரிய அளவைவிட ஃப்ரீ டி4 (புரதத்தோடு ஒட்டாமல் ரத்தத்தில் தனியாக இருக்கும் டி4) குறைந்து டிஎஸ்எச் தெளிவாக உயர்ந்திருந்தாலோ, டி4 மருந்தான லெவோதைராக்சின் தொடங்குவார்கள். வழக்கமான அளவு கிலோவுக்குத் தினமும் 10 முதல் 15 மைக்ரோகிராம். இடைப்பட்ட எண் வந்தால் சில நாள் கழித்து இன்னொரு முறை பார்ப்பார்கள். டிஎஸ்எச் உயராமலே ஃப்ரீ டி4 வாரக்கணக்கில் தாழ்ந்தே இருந்தால், பிட்யூட்டரியிலேயே கோளாறு இருக்கிறதா என்று யோசிக்க வேண்டும். ரத்தச் சர்க்கரை அடிக்கடி இறங்குவது, ஆண் குழந்தைக்குக் குறி மிகச் சிறியதாக இருப்பது, அண்ணப்பிளவு ஆகியவை அதற்குத் துப்பு.

அரிதான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தைராய்டையும் நுரையீரலையும் ஒரே கயிற்றில் கட்டிய நோய் அது. என்கேஎக்ஸ்2-1 என்ற மரபணு தைராய்டு, நுரையீரல், மூளையின் ஒரு பகுதி மூன்றையும் உருவாக்குவதில் பங்கு வகிக்கிறது. சர்ஃபாக்டன்ட் புரதங்களின் உற்பத்தியையும் அதுதான் முடுக்குகிறது. அதில் பழுது இருந்தால், முழுமாதத்தில் பிறந்த குழந்தைக்கே காரணம் புரியாத கடும் மூச்சுத்திணறல் வரும், டிஎஸ்எச் உயரும், பின்னாளில் கைகால்கள் தானாகத் துள்ளும் அசைவுகள் வரும். உங்கள் குழந்தைக்கு டிஎஸ்எச் நார்மல், 31 வாரம் என்ற தெளிவான காரணமும் இருக்கிறது. ஆகவே இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சோதனையைக் குழப்பும் சில விஷயங்கள் உங்கள் டாக்டருக்குத் தெரிந்திருக்கும், நீங்களும் தெரிந்துகொள்வது நல்லது. தோலைச் சுத்தம் செய்ய போவிடோன் அயோடின் நிறையத் தடவினாலோ, அயோடின் கலந்த எக்ஸ்ரே சாயம் கொடுத்தாலோ, குறைமாதக் குழந்தையின் தைராய்டு சில நாள் ஸ்தம்பித்து டிஎஸ்எச் ஏறலாம். ரத்தக்குழாய் அடைக்காமல் இருக்கப் போடும் ஹெபாரின், ஃப்ரீ டி4-ஐப் பொய்யாக உயர்த்திக் காட்டும். ரத்தம் ஏற்றிய பிறகு குதிகால் ரத்தத்தைப் பரிசோதனை அட்டையில் எடுத்தால் அதில் வரும் எண் பாதி வேறொருவருடையது. அதனால் முடிந்தால் ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது மூன்றே கேள்விகள் கேளுங்கள். மறுபரிசோதனை எந்தத் தேதியில்? அதில் டிஎஸ்எச்சோடு ஃப்ரீ டி4-உம் பார்ப்பார்களா? அதற்கு முன் குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டால் எங்கே கொண்டுவந்து கொடுக்க வேண்டும்? மூன்றுக்கும் பதில் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன் படித்துப் பாருங்கள். இல்லையென்றால் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.